கடைத்தெருவின் மூன்று பெயர்கள்: நினைவகப் பக்க அட்டவணையின் வரலாறு

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் இருக்கும் பாயான் லெப்பாஸ், 1970ஆம் ஆண்டு வாக்கில் நெல்வயல்கள் சூழ்ந்த சிற்றூர். 1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுக நிலையை இழந்தது, வேலையின்மை பெருகியது. அவ்வாண்டு முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக அந்த வயல்வெளியில் தடையற்ற வணிக வட்டாரம் ஒன்றை உருவாக்க முனைந்தார். 1972இல் இண்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்கூடத்தை அங்கே 5 ஏக்கர் நிலத்தில் அமைத்தது. 1975இல் தீ அதனை அழித்தது. கூடம் மீண்டும் எழுந்தது. நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, தலைமயிரினும் மெல்லிய பொன்னிழையைச் சில்லின் விளிம்பிலிருந்து அதன் உறையின் கால்களுக்குப் பிணைத்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். மலாய், சீன, தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் அவர்களுள் இருந்தனர்.

இண்டெல் சில்லுகள் பலவற்றின் முதுகில் நம் நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். ஆனால் அச்சில்லின் உள்ளே எழுதப்பட்ட விதிகள் வேறிடத்தில் முடிவு செய்யப்பட்டவை. அவ்விதிகளுள் மிகச் சிறியதொன்றை, 32 பிட் நீளமே கொண்ட ஒரு பதிவை, இங்கு எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பக்க அட்டவணைப் பதிவு என்று பெயர். ஒவ்வொரு செயலியும் அதனை ஒவ்வொரு வகையாக எழுதச் சொன்னது. எல்லாச் செயலிகளிலும் ஓட விரும்பிய இயங்குதளம் அவற்றை எவ்வாறு சமாளித்தது என்பதே இக்கட்டுரை கூறும் வரலாறு.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜார்ஜ் டவுனில் ஒரு தெருவுக்கு மாநகராட்சிப் பலகையில் லெபோ பாசார் என்று பெயர். ஆங்கிலத்தில் மார்க்கெட் ஸ்திரீட். தமிழர் வாயில் அது தலைமுறை தலைமுறையாகக் கடைத்தெரு. பெயர்கள் மூன்று, தரை ஒன்று. கணினியின் நினைவகத்திலும் இதே நிலைமைதான். ஒரே நேரத்தில் ஓடும் பத்து நிரல்களும் தத்தமக்கென ஒரு முழு ஊர் இருப்பதாக எண்ணிக்கொண்டு, தாம் அறிந்த பெயரால் இடங்களை அழைக்கின்றன. நிரல் சொல்லும் பெயர் மெய்நிகர் முகவரி. அது சென்று சேரும் தரை உண்மை முகவரி. ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்துத் தருவது பக்க அட்டவணை. நினைவகத்தைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் அட்டவணையில் ஒரு பதிவு எழுதப்படுகிறது.

அப்பதிவில் இருப்பது இடத்தின் எண் மட்டுமன்று. அந்தப் பக்கம் இப்போது நினைவகத்தில் உள்ளதா, அதில் எழுதலாமா, சாதாரண நிரல் அதைத் தொடலாமா, அண்மையில் யாரேனும் தொட்டார்களா, யாரேனும் எழுதி மாற்றினார்களா என்ற கேள்விகளுக்கும் அங்கே விடை உண்டு. ஒவ்வொரு விடைக்கும் ஒரு பிட். அண்மையில் தொடப்பட்ட பக்கத்தை ‘இளம்’ பக்கம் என்றும், எழுதப்பட்டு இன்னும் வட்டில் சேராத பக்கத்தை ‘அழுக்கு’ப் பக்கம் என்றும் கர்னல் எழுதுவோர் அழைப்பர். கர்னல் என்பது இயங்குதளத்தின் கருப்பகுதி. இவ்வட்டவணைகளை எழுதும் உரிமை அதற்கு மட்டுமே உண்டு. கணக்குப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் பேரேட்டில் கைவைக்கக் கூடாது என்பது போன்ற ஏற்பாடு.

இம்முறையின் பிறப்பிடம் இங்கிலாந்தின் மான்செஸ்டர். டாம் கில்பர்ன் தலைமையில் அங்கு உருவான அட்லஸ் கணினி 1962 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் விரைவு நினைவகம் 16,384 சொற்கள் மட்டுமே கொண்டது. சுழலும் உருளை நினைவகம் ஏறத்தாழ 98,000 சொற்கள் கொண்டது. இரண்டையும் ஒன்றே போலக் காட்ட வேண்டும் என்பது கில்பர்ன் குழுவின் நோக்கம். 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக அவர்கள் நினைவகத்தைப் பிரித்தார்கள். விரைவு நினைவகத்தில் 32 பக்கங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பதிவேடு. அதில் அப்பக்கத்துக்கு இப்போது என்ன பெயர் என்று எழுதப்பட்டிருக்கும். கவனியுங்கள்: இன்றைய வழக்கப்படி பெயரைக் கொண்டு இடத்தைத் தேடவில்லை. இடங்களின் வரிசையில் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. கேட்ட பெயர் எந்த வாசலில் தொங்குகிறது என்று 32 வாசல்களையும் ஒருசேர மின்சுற்று பார்த்தது. ஆகவே தொடக்கத்திலேயே இந்தப் பேரேட்டுக்கு இருவேறு வடிவங்கள் இயலும் என்பது தெரிந்திருந்தது.

அடுத்த பெரும் கட்டம் 1977இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் வெளியிட்ட வாக்ஸ் கணினி. அதன் பக்கம் 512 பைட். பதிவு 32 பிட். ‘உள்ளது’ என்பதற்கு ஒரு பிட்டும் ‘எழுதப்பட்டது’ என்பதற்கு ஒரு பிட்டும் இருந்தன. ‘தொடப்பட்டது’ என்பதற்குப் பிட் இல்லை. வடிவமைத்தவர்கள் அதனைத் தேவையற்றது எனக் கருதி விட்டுவிட்டனர். ஆனால் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யுனிக்ஸ் இயங்குதளத்தை அந்த எந்திரத்துக்குப் பொருத்த முனைந்த ஓசல்ப் பாபவோலு, பில் ஜாய் இருவருக்கும் அது இன்றியமையாததாக இருந்தது. நினைவகம் நிறைந்துவிட்டால் எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது? நெடுநேரம் யாரும் தொடாத பக்கத்தை. யார் தொட்டார்கள் என்பதை எந்திரம் சொல்லாவிட்டால் எப்படி அறிவது?

அவர்கள் கண்ட வழி எளியது. சற்றே துணிச்சலானதும் கூட. நினைவகத்தில் இருக்கும் பக்கத்தை ‘இல்லை’ என்று பதிவில் எழுதிவிடுவது. யாரேனும் அதனைத் தொட்டால் எந்திரம் திடுக்கிட்டு நின்று கர்னலை அழைக்கும். இதற்குப் பக்கப் பிழை என்று பெயர். பெயரில்தான் பிழை இருக்கிறது, செயலில் இல்லை. கர்னல் தன் குறிப்பைப் பார்த்து, ‘இது உண்மையில் இங்கேதான் இருக்கிறது’ என அறிந்து, பதிவை மீண்டும் ‘உள்ளது’ என மாற்றிவிட்டு, ‘இப்பக்கம் இப்போது தொடப்பட்டது’ என்று குறித்துக்கொள்ளும். எந்திரம் தராத ஒரு பிட்டை, எந்திரத்திடமே பொய் சொல்லி மென்பொருள் பெற்றுக்கொண்டது. 1979 இறுதியில் வெளிவந்த பெர்க்லி யுனிக்ஸின் மூன்றாம் வெளியீட்டில் இம்முறை இடம்பெற்றது. பாபவோலுவும் ஜாயும் 1981இல் இதனைக் கட்டுரையாகவும் வெளியிட்டனர். கடிகாரத்தின் முள் போலக் கர்னல் பக்கங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொன்றாக ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டே போகும். மறுசுற்றில் வரும்போதும் ‘இல்லை’ என்றே கிடந்த பக்கம் வெளியேற்றத்துக்கு உரியது. வன்பொருளின் குறை மென்பொருளின் கலையானதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஆயினும் அந்தக் கலைக்கு ஒரு விலை இருந்தது. பெர்க்லி நிரலின் நினைவகப் பகுதி முழுவதும் வாக்ஸ் எந்திரத்தின் சாயலிலேயே எழுதப்பட்டது. 1980களில் புதிய புதிய நுண்செயலிகள் பெருகியபோது, அதனை வேறோர் எந்திரத்துக்கு எடுத்துச் செல்வது வீட்டை இடித்துக் கட்டுவதற்கு ஒப்பாயிற்று.

விடை கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ரிச்சர்ட் ரஷீத் தலைமையில் அங்கு உருவான மாக் என்ற கர்னல், நினைவக நிருவாகத்தை இரண்டாகப் பிளந்தது. மேற்பகுதி எந்த எந்திரத்தையும் அறியாது. ‘இந்தப் பெயருக்கு இந்த இடம், இன்ன உரிமை’ என்று மட்டும் சொல்லும். பிமாப் எனப்பட்ட கீழ்ப்பகுதி எந்திரத்துக்கு எந்திரம் புதிதாக எழுதப்படும். மேலிருந்து வரும் சொல்லை அந்த எந்திரத்தின் பதிவாக மாற்றும். ரஷீத், அவாதிஸ் தெவானியன் முதலானோர் 1987இல் இதுபற்றி வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் வைத்து எண்ணத் தக்கது.

நம் ஊரார்க்கு இந்த ஏற்பாடு புதிதன்று. பினாங்குத் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்ததை முதியோர் அறிவர். கொழும்பில் ரூபாய், சைகோனில் பியாஸ்தர், பினாங்கில் வெள்ளி என்று ஊருக்கு ஒரு நாணயத்தில் முகவர்கள் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். ஆயினும் செட்டிநாட்டில் இருந்த முதலாளிக்குப் போன கணக்கு அவர் படிக்கத்தக்க ஒரே முறையில் அமைந்தது. உள்ளூர் வழக்கை முகவர் அறிவார். முதலாளி அறிய வேண்டியதில்லை. மாக் கர்னலின் கீழ்ப்பகுதி அத்தகைய முகவர். உவமை இதற்கு மேல் நீளாது. முகவரை நம்பிக் கடன் கொடுக்கலாம், பிமாப்பை நம்பிக் கொடுக்க இயலாது.

மாக் சந்தித்த எந்திரங்களுள் ஐபிஎம் ஆர்டி என்பது தனித்து நின்றது. அட்லஸின் பழைய முறையைப் போல, இடங்களின் வரிசையில் பெயர்களை எழுதும் தலைகீழ் அட்டவணை அதனுடையது. ஓர் இடத்துக்கு ஒரு வரி. ஒரு வரியில் ஒரு பெயர். அதாவது அந்த எந்திரத்துக்குக் கடைத்தெரு என்றால் கடைத்தெரு மட்டுமே. அதே தரையை இன்னொருவர் லெபோ பாசார் என்று அழைத்தால் பழைய பெயரை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். இரு நிரல்கள் ஒரே பக்கத்தைப் பகிர்ந்துகொண்டால், ஒன்று தொடும்போது மற்றதன் பெயர் அழியும். மற்றது தொடும்போது பக்கப் பிழை எழும். கர்னல் மீண்டும் பெயரை மாற்றும். மேற்பகுதி இதை எதையும் அறியாமல், பெயர் எத்தனை இருந்தாலும் சரி என்ற எண்ணத்திலேயே இயங்கியது. பிளவு சரியான இடத்தில் விழுந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

இனி இண்டெலுக்கு வருவோம். 1985 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 80386 செயலிதான் அந்நிறுவனத்தின் மேசைக் கணினி வரிசையில் பக்க முறையை முதன்முதலில் கொண்டுவந்தது. பக்கம் 4,096 பைட். முகவரி 32 பிட். எனவே 10,48,576 பக்கங்கள். பக்கத்துக்கு 4 பைட் என்று ஒரே அட்டவணையாக எழுதினால் ஒவ்வொரு நிரலுக்கும் 40 இலட்சம் பைட்டுக்கு மேல் வேண்டும். அக்காலத்து மேசைக் கணினிகள் பலவற்றின் மொத்த நினைவகமே அவ்வளவு இல்லை. ஆகவே இரண்டு நிலைகள்: முகவரியின் முதல் 10 பிட் மேல் அட்டவணையில் ஒரு வரியைக் காட்டும்; அவ்வரி கீழ் அட்டவணை ஒன்றைக் காட்டும்; அடுத்த 10 பிட் அதில் ஒரு வரியைக் காட்டும்; எஞ்சிய 12 பிட் பக்கத்துக்குள் இடத்தைக் காட்டும். பயன்படாத பகுதிகளுக்குக் கீழ் அட்டவணையே எழுத வேண்டியதில்லை. பதிவின் 32 பிட்டில் 20 இடத்தின் எண். எஞ்சியவற்றுள் ‘தொடப்பட்டது’, ‘அழுக்கு’ ஆகிய இரண்டையும் செயலி தானே குறிக்கும். மூன்று பிட்டுகளை இயங்குதளத்தின் சொந்தக் குறிப்புக்கென்று விட்டுவைத்தார்கள், தாராளம்தான்.

1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 80386 கணினியை வைத்துக்கொண்டுதான் லினக்ஸ் கர்னலை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் வெளியிட்ட அறிவிப்பிலேயே, இது வேறு எந்திரத்துக்கு எடுத்துச் செல்லத் தக்கதன்று என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். மேல் அட்டவணை, கீழ் அட்டவணை, பிட்டுகளின் வரிசை எல்லாம் அந்த ஒரு செயலியின் உருவமே.

பிறகு ஆல்ஃபா வந்தது. டிஜிட்டல் நிறுவனத்தின் அந்த 64 பிட் செயலிக்கு லினக்ஸைக் கொண்டுசெல்லும் பணியில் டோர்வால்ட்ஸ் தாமே இறங்கினார். ஆல்ஃபாவின் பக்கம் 8,192 பைட், பதிவு 64 பிட், நிலைகள் மூன்று. ‘தொடப்பட்டது’, ‘அழுக்கு’ ஆகியவற்றை அது தானாகக் குறிப்பதில்லை. படித்தால் நில், எழுதினால் நில் என்று சொல்லும் பிட்டுகள் மட்டும் உண்டு. எனவே பெர்க்லியின் பழைய தந்திரம் புது உருவில் மீண்டும் வேண்டியிருந்தது. இரண்டு நிலை எந்திரமும் மூன்று நிலை எந்திரமும் ஒரே நிரலால் ஆளப்பட வேண்டும். டோர்வால்ட்ஸ் பொதுப்பகுதியை மூன்று நிலைகளுக்கே எழுதினார். 80386இல் இல்லாத நடுநிலையை இருப்பதாகப் பாவித்து, அதில் ஒரே ஒரு வரி உண்டு என்றும், அவ்வரி மேல்நிலையின் வரியேதான் என்றும் அறிவித்தார். நிரல் எந்திரமொழியாக மாற்றப்படும்போது அந்தப் போலி நிலை கரைந்து மறைந்துவிடும். இதனைக் கர்னல் வழக்கில் மடித்தல் என்பர். 1995 மார்ச்சில் வந்த லினக்ஸ் 1.2 வெளியீடு ஆல்ஃபா, மிப்ஸ், ஸ்பார்க் செயலிகளின் ஆதரவையும் உடன்கொண்டு வந்தது.

தமிழ் கற்பிப்போருக்கு இந்த மடித்தல் பழகிய ஒன்றாகத் தோன்றலாம். ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய தொகுதியைப் பாருங்கள். ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் இடையே மூன்று இடங்கள் வெற்றாகக் கிடக்கின்றன. இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே அமைப்பு என்று வகுத்த இஸ்கி முறையின் வழிவந்ததால், நம்மிடம் இல்லாத எழுத்துகளுக்கும் இடம் விடப்பட்டது. பொதுவடிவம் என்று ஒன்றை வகுக்கும்போதெல்லாம் அது முதலில் யாரோ ஒருவரின் வடிவமாகவே இருக்கிறது. பின்னால் வருபவர் வெற்றிடங்களோடு வாழ்கிறார். லினக்ஸின் பொதுவடிவம் மரக்கிளை போல நிலைநிலையாக விரிவது. அது இண்டெலுக்கும் ஆல்ஃபாவுக்கும் இயல்பு. மற்றவர்க்கு?

மிப்ஸ் செயலியில் அட்டவணையே கிடையாது. அண்மையில் பெயர்த்த முகவரிகளைச் செயலிக்குள் வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பேடு மட்டும் உண்டு. தொடக்ககால மிப்ஸில் அதில் 64 வரிகள். தேடிய பெயர் அதில் இல்லையென்றால் கர்னலே வந்து எழுதித்தர வேண்டும். இது லினக்ஸுக்கு எளிது. அட்டவணை எந்த வடிவிலும் இருக்கலாம். பவர்பிசி அப்படியன்று. அதன் வன்பொருள் கிளைவடிவ அட்டவணையை அறியாது. பெயரை ஒரு கணக்கால் கலைத்து, அவ்வெண்ணின்படி ஒரு பெரும் பட்டியலில் தேடும். லினக்ஸ் தன் மர அட்டவணையையே உண்மையானதாக வைத்துக்கொண்டு, எந்திரம் கேட்கும் பட்டியலை அதன் நகலாகப் பாவித்தது. ஐபிஎம்மின் பெருங்கணினிகளோ தொடப்பட்டது, எழுதப்பட்டது என்னும் குறிப்புகளைப் பதிவில் வைக்காமல் உண்மைப் பக்கத்தோடே வைத்தன. பெயர்ப்பலகையில் எழுதாமல் வீட்டுச் சுவரிலேயே எழுதியது போல.

என்னை மிகவும் ஈர்ப்பது ஆர்ம் செயலியில் நடந்ததுதான். இன்று கைப்பேசிகளில் எங்கும் காணப்படும் குடும்பத்தின் 32 பிட் முன்னோர் அது. மேல் அட்டவணையில் 4,096 வரிகள். கீழ் அட்டவணை ஒவ்வொன்றும் 256 வரிகள் கொண்டு 1,024 பைட் மட்டுமே பிடிக்கும். பதிவில் ‘தொடப்பட்டது’ இல்லை, ‘அழுக்கு’ இல்லை, கர்னலின் சொந்தக் குறிப்புக்கு இடமும் இல்லை. லினக்ஸோ கீழ் அட்டவணை ஒரு முழுப் பக்கம், அதாவது 4,096 பைட், இருக்கும் என்று எதிர்பார்த்தது. ரஸ்ஸல் கிங் பேணிவந்த ஆர்ம் பகுதியில் கண்ட தீர்வு: ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் எந்திரத்துக்கான கீழ் அட்டவணைகள் இரண்டையும், மறு பாதியில் அதே பதிவுகளை லினக்ஸ் விரும்பும் முறையில் எழுதிய நகல்கள் இரண்டையும் வைப்பது. எந்திரம் தன் ஏட்டை மட்டும் படிக்கும். கர்னல் தன் ஏட்டைப் படிக்கும். எழுதும்போது இரண்டிலும் எழுதும். கடைகளில் இரட்டைக் கணக்கு வைப்பது குற்றம். இங்கே அது ஓர் எந்திரத்தை ஊருக்குள் அனுமதிப்பதற்கான வழியாயிற்று.

பதிவின் நீளமும் சிக்கல் தந்தது. 1995இல் வந்த பெண்டியம் புரோ, 32 பிட் செயலியாக இருந்தும் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை எட்ட வேண்டிப் பதிவை 64 பிட்டாக நீட்டியது. சாதாரண எழுத்தாணை ஒருமுறைக்கு 32 பிட் மட்டுமே எழுதும். ஆகவே ஒரு பதிவை இரு பாதிகளாக எழுத வேண்டும். இரண்டு செயலிகள் கொண்ட கணினியில், ஒன்று முதற்பாதியை எழுதி முடித்த கணத்தில் மற்றது அப்பதிவைப் படித்துவிட்டால்? புதிய பாதியும் பழைய பாதியும் சேர்ந்து, எவருக்கும் உரியதல்லாத ஒரு மூன்றாம் வீட்டைக் காட்டும். ‘உள்ளது’ என்னும் பிட் கீழ்ப்பாதியில் இருந்தது நற்பேறு. எழுதும்போது மேற்பாதியை முதலில் எழுதி, அது பதிந்த பிறகே கீழ்ப்பாதி. அழிக்கும்போது கீழ்ப்பாதியை முதலில் அழித்து, பிறகு மேற்பாதி. எப்படியும் அரைகுறைப் பதிவு ‘இல்லை’ என்ற நிலையிலேயே இருக்கும். வரிசை மாறினால் மாதத்தில் ஒருநாள், எவராலும் மீண்டும் நிகழ்த்திக் காட்ட இயலாத வகையில், கணினி விழுந்துவிடும். கர்னல் எழுதுவோர் பதிவை வெறும் எண்ணாகக் கையாளாமல், அதற்கெனத் தனி வகையும், ‘உள்ளதா?’, ‘அழுக்கா?’, ‘இளமையா?’ என்று கேட்கும் சிறு செயற்கூறுகளும் வகுத்துக்கொண்டதன் காரணம் இங்கே விளங்கும். கேள்வி எல்லா எந்திரத்துக்கும் ஒன்று. விடையைத் தோண்டி எடுக்கும் முறை அந்தந்த எந்திரத்தின் பொறுப்பு.

2003இல் ஏஎம்டி நிறுவனம் தன் 64 பிட் ஆப்டெரான் செயலியை வெளியிட்டது. பாயான் லெப்பாஸில் இண்டெல் வந்த அதே 1972இல் கால்வைத்த நிறுவனம் அதுவும். இப்போது நான்கு நிலைகள். முகவரி 48 பிட். லினக்ஸிடம் இருந்ததோ மூன்று. சிறிது காலம் ஒவ்வொரு நிரலுக்கும் உச்சநிலையில் ஒரே வரி என்று சுருக்கி ஒப்பேற்றினார்கள். 2004இல் ஆண்டி கிளீன், எந்திரத்தின் பெயரையே தாங்கிய நான்காம் நிலையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து ஒரு திருத்தம் முன்வைத்தார். நிக் பிக்கின் மறுத்தார்: மேல்நிலை என்று இதுவரை எழுதப்பட்ட நிரல் எல்லாம் மேல்நிலையாகவே நீடிக்கட்டும், புதிய நிலையை நடுவே செருகலாம் என்பது அவர் வாதம். ஏதோ பெயர்ச்சண்டை போலத் தோன்றும். இருபதுக்கும் மேற்பட்ட செயலிக் குடும்பங்களின் நிரலை யார் திருத்துவது, திருத்தாமல் விட்டவர் எப்படிப் பிழை அறிவார் என்பதே அதன் உட்பொருள். பிக்கினின் வழியே 2005 மார்ச்சில் 2.6.11 வெளியீட்டில் ஏற்கப்பட்டது. 2017இல் இண்டெலின் கிரில் ஷூட்டமோவ் ஐந்தாம் நிலையைச் சேர்த்தபோது, அதுவும் நடுவிலேயே செருகப்பட்டது. 57 பிட் முகவரி. ஐந்தும் தேவைப்படாத எந்திரங்களில் மீதி மடிக்கப்படும்.

இதற்கிடையே, தொட்டில் உடைக்கப்பட்டது. 80386 செயலியில் ஒரு குறை உண்டு: கர்னல் எழுதும்போது, ‘எழுதக் கூடாது’ என்ற பிட்டை அது மதிப்பதில்லை. 1989இல் வந்த 80486 இதனைத் திருத்தியது. ஆனால் பழைய செயலிக்காக, ஒவ்வொரு முறை எழுதும் முன்பும் கர்னல் தானே பதிவைப் பார்த்துச் சரிபார்க்கும் நிரல் இருபது ஆண்டுகள் தங்கியிருந்தது. 2012 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. 2013 பிப்ரவரியில் வந்த 3.8 வெளியீடு முதல், லினக்ஸ் தான் பிறந்த எந்திரத்தில் ஓடாது.

2018 இந்த வரலாற்றில் இரண்டு காரணங்களால் குறிக்கத் தக்க ஆண்டு. ஆகஸ்டில் இண்டெல் செயலிகளில் ஒரு பாதுகாப்புக் குறை வெளியானது. ‘இல்லை’ என்று குறித்த பதிவில் எஞ்சியிருக்கும் எண்ணைச் செயலி பொருட்படுத்தக் கூடாது. அவ்விடத்தில், வட்டில் பக்கம் எங்கே கிடக்கிறது என்ற குறிப்பைக் கர்னல் எழுதிவைப்பது பழைய வழக்கம். ஆனால் செயலி, விரைவுக்காக முன்கூட்டியே ஊகித்து ஓடும்போது, ‘இல்லை’யைக் கவனிக்கும் முன்பே அந்த எண்ணை உண்மை முகவரியாகக் கொண்டு அருகு நினைவகத்தை எட்டிப் பார்த்துவிடுகிறது என்று தெரிந்தது. பெர்க்லியில் மென்பொருள் எந்திரத்திடம் சொன்ன அந்தப் பொய்யை, நாற்பது ஆண்டு கழித்து ஓர் எந்திரம் நம்ப மறுத்தது என்று சொல்லலாம். லினக்ஸ் கண்ட மாற்று: ‘இல்லை’ என்ற பதிவில் எண்ணின் பிட்டுகளை எல்லாம் தலைகீழாகப் புரட்டி எழுதுவது, அப்போது அது, நினைவகமே பொருத்தப்படாத ஒரு வெட்டவெளியைக் காட்டும். இத்திருத்தமும் இண்டெல் வகைச் செயலிகளின் கோப்பில் மட்டும் நிகழ்ந்தது. பொதுப்பகுதிக்கு அது தெரியாது.

மற்றது சென்னையில் நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் அதே பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-வி என்பது, எவரும் உரிமக் கட்டணமின்றிப் பின்பற்றத்தக்க செயலி விதித்தொகுப்பு. அதன் எஸ்வி39 முறையில் நிலைகள் மூன்று, நிலைக்கு 9 பிட், பதிவு 64 பிட். ‘தொடப்பட்டது’, ‘அழுக்கு’ என்பவற்றைச் செயலியே குறிக்கலாம், அல்லது பக்கப் பிழை எழுப்பிக் கர்னலிடம் விடலாம் என்று இருவழிக்கும் அது இடம் தருகிறது. வாக்ஸும் ஆல்ஃபாவும் இண்டெலும் விட்டுச்சென்ற அனுபவம் அந்த ஒரு விதியில் படிந்திருக்கிறது. 2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15 வெளியீடு ரிஸ்க்-வியைத் தன் குடும்பங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டின் நடுவிலேயே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வீ. காமகோடி தலைமையிலான சக்தி திட்டத்தார், தாம் வடிவமைத்த செயலியில் லினக்ஸை ஓட்டிக் காட்டினர். நினைவகத்தின் பொதுப்பகுதியை அவர்கள் எழுத வேண்டியிருக்கவில்லை; பதிவின் பிட்டுகள் விதித்தொகுப்பின்படி அமைந்திருந்தன, அது போதுமானதாயிற்று. அம்முதல் தொகுதியின் 300 சில்லுகள் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் இண்டெலின் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்டவை. அடுத்தது சண்டிகரில், 180 நானோமீட்டரில்.